படத்துக்கு வெளியே நின்றவர்

தங்காக்கில் இரயில் நிலையம் இல்லை. ஜொகூரின் வடமேற்கு மூலையில் உள்ள அச்சிற்றூரைத் துணிக்கடைகளால் அறிந்தவர் பலர். ஊருக்குப் பின்னே 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலையால் அறிந்தவர் பலர். தண்டவாளமோ அம்மலையின் மறுபுறமாக ஒதுங்கி, தம்பின், பத்தாங் மலாக்கா, கிம்மாஸ், சிகாமட் என்று வளைந்து தெற்கே போய்விடுகிறது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905இல் ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது சப்பானியர் அதைப் பெயர்த்தெடுத்துச் சயாம் - பர்மா இரயில் பாதைக்காகக் கொண்டு சென்றனர். போர் முடிந்தது, தண்டவாளம் திரும்பவில்லை. அதனோடு சென்ற தோட்டத் தமிழரில் பல்லாயிரவரும் திரும்பவில்லை.

இரயிலோசை கேளாத ஊரில் இரயில் பித்துப் பிடித்த மூவர் எப்படித் தோன்றினர் என்பது வியப்புக்குரியது. இல்லாத பொருளின் மீதுதான் ஆசை மிகும் போலும். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் தங்காக் கடைத்தெருவில் இன்றும் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர். மூன்றாமவர் இளமையிலேயே சிங்கப்பூருக்குச் சென்று, கப்பல் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். மூவரும் ஒரே வகுப்பில், ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்கள். அறுபதைக் கடந்த பின்னும் ஒருவரையொருவர் 'டா' போட்டு அழைக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காதவர்கள்.

1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் நண்பர் தம் முதற்சம்பளச் சேமிப்பில் ஒரு யாஷிகா கேமரா வாங்கினார். விடுமுறைக்குத் தங்காக் வரும்போதெல்லாம் ஆசிரியரின் ஹோண்டா 70 மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறிக்கொள்வார். கித்தாக் காடுகளின் ஊடே, செம்மண் புழுதி படிய, இருவரும் இரயில் பாதையைத் தேடிப் போவார்கள். தையற்காரருக்கு அந்த வாய்ப்பு எப்போதாவதுதான் கிட்டும். பெருநாள் காலத்தில் கடையைவிட்டு அசைய முடியாது. தங்காக்கிலோ ஆண்டில் பாதி நாள் ஏதேனும் ஓர் இனத்தாரின் பெருநாள் வந்துகொண்டே இருக்கும்.

அக்காலத்தில் படம் எடுப்பது விளையாட்டன்று. ஒரு ஃபிலிம் சுருளில் 36 படங்கள். சுருளுக்கு ஒரு விலை. அதைக் கழுவிப் படமாக்க மற்றொரு விலை. எடுத்த படம் நன்றாக வந்ததா என்பது இரண்டு வாரம் கழித்தே தெரியும். ஓர் இரயிலுக்காக மூன்று மணி நேரம் காத்திருந்து, அது கடந்து செல்லும் நான்கு விநாடிகளில் ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்துவார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எஞ்சினின் முகத்திலும் பக்கத்திலும் ஒருங்கே வெளிச்சம் விழ வேண்டும். ஒரு விநாடியை ஐந்நூறாகப் பகுத்து அதில் ஒரு பங்கு நேரமே கேமராவின் கண் திறந்து மூட வேண்டும். இத்தனைக்கும் மேலாகச் சிங்கப்பூர் நண்பர் தமக்கென ஒரு விதி வகுத்திருந்தார்: படத்தில் மனிதர் இருக்கக் கூடாது.

இந்த விதி அவர் கண்டுபிடித்ததன்று. உலகெங்கும் இரயிலைப் படம் பிடிப்போரில் பெரும்பாலோர் அப்படித்தான். எஞ்சினின் வகை, எண், இடம், நாள், நேரம் ஆகியவையே அவர்களுக்கு வேண்டும். நடைமேடையில் நிற்கும் பயணியும், கொடி காட்டும் ஊழியரும், பாதையோரத்தில் மண்வெட்டியோடு நிற்கும் தொழிலாளியும் காட்சியைக் கெடுப்பவர்கள். ஆள் விலகும்வரை காத்திருப்பார்கள். விலகாவிட்டால் விலகச் சொல்வார்கள்.

1983ஆம் ஆண்டில் ஒருநாள், பத்தாங் மலாக்கா நிலையத்திற்குச் சற்று அப்பால், பாதை வளையும் ஓரிடத்தில் ஆசிரியரும் சிங்கப்பூர் நண்பரும் காத்திருந்தனர். வளைவின் உட்புறத்தில் ஒருவர் நின்றிருந்தார். தலையில் துண்டு, தோளில் நீண்ட கைப்பிடிச் சம்மட்டி. அருகில், சரளைக்கல்லின் மீது ஒரு சோற்றுத் தூக்கு. அவர் வேறு யாருமல்லர், தையற்காரரின் தந்தை. பத்தாங் மலாக்காப் பகுதியில் பாதை பராமரிக்கும் கூட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். நாள்தோறும் சில கல் தொலைவு தண்டவாளத்தின் மீதே நடந்து, தளர்ந்த ஆணிகளை அடித்து இறுக்குவது அவர் பணி. மகன் படிக்க வேண்டும் என்பதற்காக அவனைத் தங்காக்கில் தையற்கடை வைத்திருந்த மைத்துனரிடம் ஒப்படைத்திருந்தார். மாதம் ஒருமுறை வந்து பார்த்துச் செல்வார்.

மகனின் நண்பர்களை அவர் அடையாளம் கண்டு நலம் விசாரித்தார். அப்போது தூரத்தில் இரயிலின் ஊதல் கேட்டது.

"மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடுறீங்களா? படத்தில் விழுந்திடுவீங்க" என்றார் சிங்கப்பூர் நண்பர்.

"சரி தம்பி" என்று அவர் சம்மட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டுப் புதர்ப்பக்கம் ஒதுங்கினார். பிரிட்டனில் கட்டப்பட்டு 1970களின் தொடக்கத்தில் மலேசியா வந்த 22ஆம் வகை டீசல் எஞ்சின் ஒன்று வளைவில் தோன்றிக் கடந்து சென்றது. படம் அருமையாக வந்தது. சிங்கப்பூர் நண்பரின் தொகுப்பில் அதற்கே முதலிடம். அதன் இடப்பக்க மூலையில், கூர்ந்து பார்த்தால், சரளைக்கல்லின் மீது ஒரு சம்மட்டியும் ஒரு சோற்றுத் தூக்கும் தெரியும்.

அவர் 1991இல் காலமானார். தையற்காரரின் வீட்டு நடுக்கூடத்தில் மாலையிட்டு மாட்டப்பட்டிருக்கும் படம், அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கப்பட்டது. பொத்தான் போட்ட சட்டையும் அஞ்சிய விழிகளுமாக யாரோ ஒருவர் போல் அவர் அதில் இருக்கிறார். முப்பதாண்டுக் காலம் தண்டவாளத்தோடு வாழ்ந்த மனிதர், தண்டவாளத்தின் அருகில் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. இருந்திருக்கக்கூடிய ஒரே படத்திலிருந்தும் அவர் விலக்கப்பட்டார். தையற்காரர் அப்படத்தை அந்த ஆண்டே பார்த்தார். தூக்கையும் அடையாளம் கண்டுகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் நட்பு அதன் மீதே நடந்து சென்றது.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து 'சிலோன் பயனியர்' படையினர் வரவழைக்கப்பட்டனர். அதன் பின்னர், காட்டை வெட்டி, சதுப்பை மேடாக்கி, கட்டை அடுக்கி, தண்டவாளம் இழுத்த கைகளில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் கைகள் மிகப் பல. நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். செந்தூல் பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் தமிழ் தழைத்தது இரயிலால்தான். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909இல் முடிவுற்றபோது தீபகற்பத்தின் மேற்குக்கரையில் பெரும்பகுதி இருப்புப்பாதையால் இணைந்தது. இந்த வரலாற்றைக் கூறும் நூல்களில் எஞ்சின்களின் படங்கள் உண்டு; தொப்பியணிந்த வெள்ளைப் பொறியாளர்களின் படங்கள் உண்டு; பாலங்களின் படங்கள் உண்டு. தொழிலாளர் தென்படும் இடங்களில், பாலத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக அவர்கள் நிற்கிறார்கள். கீழே 'கூலிகள்' என்ற ஒரு சொல், பெயர் கிடையாது.

சயாம் மரண இரயிலுக்கும் அதே கதிதான். போர்க்கைதிகளிடம் ஒளித்து வைத்த கேமரா இருந்தது. ஜார்ஜ் ஆஸ்பினல் என்ற ஆஸ்திரேலிய வீரர் உயிரைப் பணயம் வைத்து அங்கே எடுத்த படங்கள் இன்று வரலாற்றுச் சான்றுகளாக விளங்குகின்றன. கைதிகளில் ஓவியரும் இருந்தனர். தோட்டத்து லயத்திலிருந்து லாரியில் ஏற்றிச் செல்லப்பட்ட தமிழனிடம் கேமரா ஏது? கரித்துண்டு கிடைத்தாலும் கஞ்சி காய்ச்சத்தான் உதவியிருக்கும். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் அவன் முகம் பதிவாகாமல் போனதற்கு அவன் எண்ணிக்கை குறைவு என்பது காரணமன்று.

2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் மின்தொடர்வண்டிச் சேவை கிம்மாஸைக் கடந்து சிகாமட் வரை நீண்டது. அதற்கும் தெற்கே வேலை நடந்துகொண்டிருந்தது. டீசல் எஞ்சின் இழுக்கும் பயணி வண்டிகளுக்கு அந்தப் பாதையில் இனி நெடுநாள் இல்லை என்பது எல்லாருக்கும் விளங்கியது. சிங்கப்பூர் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். "கடைசியாக ஒருமுறை போய் வருவோம்டா. மலையை ஒரு சுற்று." தங்காக்கிலிருந்து பத்தாங் மலாக்கா, அங்கிருந்து கிம்மாஸ், சிகாமட், பின் ஜெமெந்தா, சாகில் வழியாகத் திரும்பினால் லேடாங் மலையை வலம் வந்தது போலாகும். ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை குறிக்கப்பட்டது. தையற்காரர் கடைக்கு விடுமுறை விட்டார். அவர் கேட்டது ஒன்றே: "முதலில் பத்தாங் மலாக்காவுக்குப் போக வேண்டும்."

காலை ஆறரை மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரேயும் முடித்துக்கொண்டு ஆசிரியரின் பழைய புரோட்டோன் காரில் புறப்பட்டார்கள். வழியெல்லாம் செம்பனை. ஒருகாலத்தில் கித்தா நின்ற இடங்களை ஆசிரியர் சுட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். பின்னிருக்கையில் சிங்கப்பூர் நண்பர் உறங்கிப்போயிருந்தார்.

பத்தாங் மலாக்காவில் பழையது ஒன்றும் இல்லை. சிரம்பானிலிருந்து கிம்மாஸ் வரையிலான 98 கிலோமீட்டர்ப் பாதையை இந்திய அரசின் இர்கான் நிறுவனம் இரட்டைப் பாதையாக்கி மின்மயமாக்கியது. 2013இல் அவ்வேலை முடிந்தது. அப்போது பழைய வளைவுகள் பல நிமிர்த்தப்பட்டன. புதிய நிலையம் பளபளப்பாக நிற்கிறது. பாதையின் இருபுறமும் கம்பிவேலி. 1983இல் நண்பர்கள் நின்ற வளைவு எது, தொழிலாளர் குடியிருப்பு எங்கே இருந்தது என்று தையற்காரர் நெடுநேரம் தேடினார். ஒரு மேட்டின் மீது ஏறிப் பார்த்தார். ஒரு பலாமரத்தைக் காட்டி, "இதுவாக இருக்கலாம்" என்றார். சிறிது நேரம் கழித்து, "இல்லை" என்றார். அங்கே ஒரு படமும் எடுக்கவில்லை. மணி எட்டரை, வெளிச்சம் படமெடுக்க மிக ஏற்றதாக இருந்தது என்பதைச் சிங்கப்பூர் நண்பர் மட்டும் கவனித்து வருந்தினார்.

கெமெஞ்சேவைக் கடக்கையில், 1942 ஜனவரி 14ஆம் நாள் ஆஸ்திரேலியப் படையினர் பாலத்தைத் தகர்த்துச் சப்பானியரை மறித்த இடத்தில் உள்ள நினைவுக்கல்லைப் பார்த்தார்கள். ஆசிரியர் இறங்கிச் சென்று ஒவ்வொரு வரியையும் படித்தார். ஆசிரியர்களோடு பயணம் செய்வதில் இந்தத் துன்பம் எப்போதும் உண்டு.

கிம்மாஸ் இரயிலுக்காகவே பிறந்த ஊர். தும்பாட்டுக்குப் போகும் கிழக்குக்கரைப் பாதை இங்கேதான் பிரிகிறது. 1931இல் நிறைவுற்ற அப்பாதையின் ஒரு பகுதியையும் சப்பானியர் பெயர்த்தனர். அது மட்டும் போருக்குப் பின் மீண்டும் போடப்பட்டது. ஊரின் பழைய கடைவரிசையில் ஓர் உணவகத்தில், வாழையிலையின் முன் அமர்ந்துதான் அந்த வாக்குவாதம் தொடங்கியது.

சிங்கப்பூர் நண்பர் மின்கம்பங்களைக் குறை கூறிக்கொண்டிருந்தார். 25,000 வோல்ட் மின்சாரம் தலைக்குமேல் ஓடுகிறது, இருபுறமும் தூண்கள், எந்தக் கோணத்தில் நின்றாலும் எஞ்சினின் முகத்தில் ஒரு கம்பம் குறுக்கிடுகிறது, இரயிலைக் கூண்டில் அடைத்துவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். தையற்காரர் சோற்றைப் பிசைந்தவாறே சொன்னார்:

"கம்பத்தை விலகி நில் என்று சொல்ல முடியாது, இல்லையா?"

வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் மேசையில் இருந்த மூவருக்கும் புரிந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஒரு வரி. சிங்கப்பூர் நண்பர் கைகழுவ எழுந்து போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார்.

அந்த மௌனத்தை உடைக்கவே ஆசிரியர் அமெரிக்காவுக்குப் போனார் எனலாம். 1869ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், யூட்டா மாநிலத்துப் புரோமன்டரி என்னுமிடத்தில், கிழக்கிலிருந்து வந்த பாதையும் மேற்கிலிருந்து வந்த பாதையும் இணைந்தன. இரு எஞ்சின்கள் முகத்தோடு முகம் நிற்க, அவற்றின் மீதும் முன்னும் ஏறி நின்று மக்கள் ஆரவாரிக்கும் காட்சியை ஆண்ட்ரூ ரசல் கண்ணாடித் தகட்டில் படமெடுத்தார். உலகில் மிகப் பலர் கண்ட இரயில் படங்களுள் அது ஒன்று. மேற்குப் பகுதிப் பாதையை, பனிமலையைக் குடைந்து அமைத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்தப் படத்தில் முகம் தெரிய நிற்கும் ஒரு சீனரைக் காண்பது அரிது. 2014இல், 145 ஆண்டுகள் கழித்து, கார்க்கி லீ என்ற சீன அமெரிக்க நிழற்படக் கலைஞர் அத்தொழிலாளர்களின் வழித்தோன்றல்களை அதே இடத்துக்கு அழைத்துவந்து, அதே போல் எஞ்சின்களின் முன் நிறுத்திப் படமெடுத்தார்.

"அதெல்லாம் அரசியல். படம் வேறு" என்றார் சிங்கப்பூர் நண்பர்.

"வின்ஸ்டன் லிங்க் எடுத்ததும் அரசியலா?" என்று கேட்டார் ஆசிரியர். அது சரியான அடி. 1955க்கும் 1960க்கும் இடையே, அமெரிக்காவின் நோர்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் இரயிலில் நீராவி எஞ்சின்களின் கடைசி நாள்களை, நள்ளிரவில் பல மின்னொளிக் குமிழ்களை எரியவிட்டுப் படம்பிடித்த லிங்கைத் தம் குருவாகவே கொண்டவர் சிங்கப்பூர் நண்பர். லிங்கின் படங்களிலோ எங்கும் மக்கள். ஓடையில் நீந்தும் பிள்ளைகளுக்குப் பின்னால் இரயில் போகிறது. திறந்தவெளித் திரையரங்கில் காரில் அமர்ந்து படம் பார்க்கும் இளம் இணைக்குப் பின்னால் இரயில் போகிறது. மனிதர் இருப்பதனாலேயே அந்த எஞ்சின்களுக்கு உயிர் இருக்கிறது.

"லிங்க் அவர்களை நிற்க வைத்தார். தானாகக் குறுக்கே வந்தவர்கள் இல்லை" என்று சிங்கப்பூர் நண்பர் முணுமுணுத்தார். அந்த விடை பலவீனமானது என்பது அவருக்கே தெரியும். குருவின் பெயரைச் சொல்லி அடித்தால் சீடன் எழுந்திருப்பது கடினம்.

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி இரயில் புறப்பட்டபோது அவர் அங்கே இருந்தவர். ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே எஞ்சினை ஓட்டிச் சென்ற அந்த இரவில் திரண்ட கூட்டத்தில் மனிதரில்லாத படம் ஒன்று எடுக்கப் பெரும்பாடு பட்டு, முடியாமல் வீடு திரும்பியவர். புக்கிட் தீமா நிலையத்தில் ஓட்டுநரும் நிலைய ஊழியரும் இரும்புச் சாவிவளையத்தைக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கமும் அந்நாளோடு முடிந்தது. அவரது தொகுப்பில் அந்த நிலையம் இருக்கிறது, வளையம் இருக்கிறது, அதை நீட்டிய ஊழியரின் முழங்கை வரை இருக்கிறது. முகம் இல்லை.

பிற்பகலில் சிகாமட் போய்ச் சேர்ந்தனர். புதிய நிலையத்தின் நடைமேடையில் வடக்கேயிருந்து வந்த மின்தொடர்வண்டி ஓசையின்றி நின்றது. தெற்கேயிருந்து டீசல் வண்டி இரைந்துகொண்டு வந்தது. பழையதும் புதியதும் ஒரு நிலையத்தில் சந்தித்துக்கொள்ளும் அந்தச் சில மாதங்கள் படம் பிடிப்போருக்குக் கிடைத்தற்கரிய காலம். சிங்கப்பூர் நண்பர் இருபது படம் எடுத்தார். ஆசிரியர் கைப்பேசியில் எடுத்தார். தையற்காரர் எஞ்சினைவிட அதன் சாளரத்தில் தலைநீட்டிய ஓட்டுநரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னர் ஊருக்குத் தெற்கே, சாலையும் பாதையும் நெருங்கிச் செல்லும் ஓரிடத்தில் காரை நிறுத்தி, வேலிக்கு வெளியே நின்றனர். வேலிக்கு உள்ளே மூன்று தொழிலாளர் ஒரு நிழலில் அமர்ந்து சோறு உண்டுகொண்டிருந்தார்கள். பளிச்சென்ற செம்மஞ்சள் மேலங்கி, தலைக்கவசம். சீன நிறுவனங்களின் கூட்டமைப்பு ஏற்று நடத்திய அந்த ஏறக்குறைய 192 கிலோமீட்டர்ப் பாதை வேலையில் பல நாட்டுத் தொழிலாளர் உழைத்தனர். "சூடா மாக்கான்?" என்று தையற்காரர் மலாயில் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் கேட்கத் தகாத கேள்வி. ஆயினும் அவர்கள் சிரித்தார்கள். வங்காளதேசத்தினர். ஒருவர் வந்து ஏழாண்டு ஆயிற்று. வீட்டில் மகள் பள்ளிக்குப் போகிறாள். அவள் பிறந்ததை அவர் பார்க்கவில்லை. சோறு வைத்திருந்தது நெகிழிப் பெட்டியில். தூக்கு இல்லை.

தொலைவில் ஊதல் கேட்டது. தொழிலாளர் மூவரும் எழுந்து, விதிப்படி பாதையைவிட்டு விலகி, வேலியோரம் வரிசையாக நின்றனர். சிங்கப்பூர் நண்பரின் கேமராவுக்கு நேர் எதிரே. டாலியனில் கட்டப்பட்டு 2005இல் வந்த 29ஆம் வகை எஞ்சின் சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தது. அவர் கேமராவை உயர்த்தினார். தையற்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் அழுந்தியது.

படம் நன்றாக வரவில்லை. முன்னே நின்ற மூவர் மீது கேமராவின் கண் ஊன்றியதால் எஞ்சின் மங்கிவிட்டது. நடுவில் நின்றவர் கண் சிமிட்டிவிட்டார். ஒருவரின் கன்னம் சோற்றால் புடைத்திருந்தது. சிங்கப்பூர் நண்பர் அதை அழிக்கப் போனார். ஆசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தொழிலாளர் வேலிக்கம்பியில் முகத்தை வைத்துப் படத்தைப் பார்த்து, கண் சிமிட்டியவரைக் கேலி செய்து, மீண்டும் ஒன்று எடுக்கச் சொன்னார்கள். இம்முறை தலைக்கவசத்தைக் கழற்றித் தலைமுடியைச் சீவிக்கொண்டார்கள். இரயில் போய்விட்டிருந்தது. இரயில் இல்லாத படம் ஒன்றைச் சிங்கப்பூர் நண்பர் முதன்முறையாக எடுத்தார். வாட்ஸ்அப்பில் அனுப்ப எண் வாங்கிக்கொண்டு, பெயரையும் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

ஜெமெந்தாவில் மழை பிடித்துக்கொண்டது. சாகிலுக்கு வரும்போது மலை தெரியவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மின்தொடர்வண்டி ஜொகூர் பாரு வரை ஓடத் தொடங்கியது. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இனிக் கிம்மாஸில் இறங்கி ஏற வேண்டியதில்லை. அதே மாத இறுதியில் சிங்கப்பூர் நண்பர் தங்காக்கிற்கு வந்தார். தையற்கடையில், வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டு, தம் பழைய தொகுப்பைப் பலகையின் மீது விரித்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் எஞ்சின், எண், இடம், நாள் என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். 1983ஆம் ஆண்டுப் படத்தின் கீழே புதிதாக ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது: இடப்பக்கம் காணப்படும் சம்மட்டியும் தூக்கும் இன்னாருடையவை என்று, முழுப் பெயருடன், தமிழில்.

தையற்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் படித்தார். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. இரயில்வே பதிவேட்டில் எவரோ எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துத் தமிழாக்கியதால் வந்த பிழை. பென்சில் கேட்டார். துணியில் கோடு போடும் வெண்கட்டிதான் கைக்குக் கிடைத்தது. ஆசிரியர் தம் சட்டைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து நீட்டினார்.